அறியப்பட்ட குறைகள்: இல்லை

ஆவாரங்குளத்தில் அந்த ஆண்டு கார்த்திகை இருபத்தேழாம் தேதி வியாழக்கிழமை இருபத்திரண்டு முறை வந்தது. இருபத்திரண்டு முறையும் பொழுது விடிந்தது, பால்காரர் மணியடித்தார், பொழுது சாய்ந்தது. மறுநாள் காலை சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தவர்கள், கீழேயும் அதே கார்த்திகை இருபத்தேழையும் அதே வியாழனையும் அதே ராகு காலத்தையும் கண்டு, கையிலிருந்த தாளையும் சுவரிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கிழித்த தாளால் வழக்கம்போல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

காலண்டர் அச்சிட்டுப் பிழைக்கிற ஊர் என்பதால் யாரும் பெரிதாக வியக்கவில்லை. தேதி அச்சுப் பிளேட்டிலிருந்து தாளுக்கு வருகிறது, தாளிலிருந்து வீட்டுக்கு வருகிறது, வீட்டிலிருந்துதான் வானத்துக்குப் போகிறது என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். அச்சாகிவிட்ட தேதியை மாற்றும் வழக்கம் எங்களிடம் இல்லை. நொச்சி நான்காம் பதிப்பின் கையேட்டு அட்டையில் "கார்த்திகை 27, வியாழக்கிழமை வெளியிடப்பட்டது" என்று முன்கூட்டியே அச்சாகிவிட்டது, ஆனால் பதிப்பு வெளிவரவில்லை என்ற செய்தி பரவியதும், "அப்ப நாள்தான காத்திருக்கணும்?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். காரணத்தைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்தது.

நொச்சி என்பது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்வதற்கான ஒரு நிரல்மொழி. தங்கப்பழம் அண்ணாச்சி தம் அச்சகத்தின் காகிதம் வெட்டும் மிஷினை ஆங்கிலம் அறியாத தொழிலாளியும் தன் மொழியிலேயே இயக்க வேண்டும் என்று விரும்பி இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அதைத் தொடங்கினார். இப்போது மூன்று மாவட்டங்களில் காலண்டர் வெட்டும் மிஷின்களும் குடிநீர் மோட்டார்களும் எடைமேடைகளும் நொச்சியின் சொற்களைக் கேட்டே இயங்குகின்றன. அச்சகத்தின் மாடியில் இரண்டு அறைகள். ஓர் அறையில் செண்பகவல்லி மூலநிரலோடு இருந்தாள். நாற்பது வயது, மணமாகாதவள், கூர்மையான பெண். மற்றோர் அறையில் நான் கையேட்டோடு இருந்தேன். ஓய்வு பெறும்வரை பெண்கள் உயர்நிலைப் பள்ளியிலும் முப்பது ஆண்டுகள் கணக்கு நடத்தியதால் ஊருக்கே நான் டீச்சர்.

புதிய பதிப்பு வெளியிடுவதில் எங்களுக்குச் சில முறைகள் உண்டு. முதலில் அட்டையை அச்சிட்டுவிடுவோம். தேதி கண்ணெதிரே இருந்தால்தான் வேலை நடக்கும் என்பது அண்ணாச்சியின் கொள்கை. கையேட்டு நூலும் நிரலும் மாறுபட்டால் நூலே சரி, நிரல்தான் திருந்த வேண்டும் என்று மாடிப்படிச் சுவரில் எழுதி வைத்திருந்தோம். கையேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் "ஓட்டிப் பார்த்தவர்" என்றொரு வரி இருக்கும். அந்தப் பக்கத்து எடுத்துக்காட்டை மிஷினில் உண்மையாகவே ஓட்டி, விடையைக் கண்ணால் கண்டேன் என்பதற்கு உறுதியாக நான் அதில் பெயர் இடுவேன். கடைசிப் பக்கத்தின் தலைப்பு "அறியப்பட்ட குறைகள்". மூன்று பதிப்புகளிலும் அந்தத் தலைப்பின் கீழே ஒரே சொல்தான் இருந்தது: "இல்லை." அந்தச் சொல்லை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை இப்போது மறைப்பதில் பயனில்லை.

நான்காம் பதிப்பில் நானூற்றுப் பன்னிரண்டு எடுத்துக்காட்டுகள். அவற்றை நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று செண்பகவல்லி, எல்லாவற்றையும் தானே ஓட்டி விடையோடு ஒப்பிடும் ஒரு நிரலை எழுதியிருந்தாள். அந்த வியாழன் காலையில் அதை இயக்கினாள். நானூற்றுப் பதினொன்று பொருந்தின. இருநூற்றுப் பத்தொன்பதாவது பொருந்தவில்லை.

அது முதல் பதிப்பிலிருந்தே இருக்கும் எளிய கணக்கு. நூறு அலகு அகலமுள்ள தாளை மூன்றாக வெட்டச் சொன்னால், ஒவ்வொரு துண்டும் முப்பத்துமூன்று அலகு வரும், மீந்த ஓர் அலகு அடுத்த வெட்டோடு சேர்த்துக்கொள்ளப்படும் என்று நூல் சொன்னது. நொச்சியோ மீந்த அலகைச் சேர்க்காமல் விட்டுவிட்டது. முறைப்படி செண்பகவல்லி ஒரு மணி நேரத்தில் நிரலைத் திருத்தினாள். நானூற்றுப் பன்னிரண்டும் பொருந்தின. பிறகு கடைசிச் சோதனையாகக் கீழே அச்சகத்தில் ஒரு கட்டுக் காலண்டர்த் தாளை வெட்டினோம். அது ஒரு முடி அகலம் கோணியது. காலண்டரில் முடி அகலம் என்பது சிறிய விஷயமன்று. முந்நூற்றறுபத்தைந்து தாளிலும் கோணல் சேர்ந்து, ஆடி மாதத்தில் தேதி எண்ணின் அடிப்பகுதியை வெட்டும். திருத்தத்தை நீக்கினால் கட்டு நேராக வந்தது, ஆனால் எடுத்துக்காட்டு பொய்த்தது. திருத்தினால் எடுத்துக்காட்டு மெய்த்தது, கட்டு கோணியது. இப்படியே மாலையாயிற்று, இப்படியே மறு வியாழனும் ஆயிற்று.

ஊரில் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தவர்கள் பலர். ஆனால் செண்பகவல்லிக்கு இருந்த காத்திருப்பு வேறு. திருநெல்வேலியில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் பொன்னி என்ற இரண்டு வயதுப் பெண் குழந்தையை அவள் தத்தெடுக்க இருந்தாள். ஆறு ஆண்டுகள் விண்ணப்பித்துக் காத்திருந்து கிடைத்த நாள் அந்த வெள்ளிக்கிழமை. குழந்தையின் படம் ஒன்றைக் கம்ப்யூட்டர்த் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தாள். மொட்டைத்தலையும் ஒரு பக்கம் சாய்ந்த பார்வையுமாக, எதையோ நம்பாத முகம்.

இரண்டாம் வியாழன் காலையில் அவள் தேதியைப் பொருட்படுத்தாமல் பை எடுத்துக்கொண்டு தென்பக்கம் போகும் பேருந்தில் ஏறினாள். ஊர் எல்லையில் ஒரு கல் உண்டு. பேருந்து அந்தக் கல்லைத் தாண்டிப் போயிற்று. வெளியூர்ப் பயணிகள் பேருந்தோடு போனார்கள். ஆவாரங்குளத்துக்காரர்கள் பதினொரு பேரும், எழுந்ததும் நினைவில்லாமல் இறங்கியதும் நினைவில்லாமல், கல்லுக்கு இந்தப் பக்கம் சாலையில் நின்றுகொண்டிருந்தார்கள். செண்பகவல்லி மட்டும் கல்லின் மேல் உட்கார்ந்த நிலையில் இருந்தாள். அவளுடைய பை பேருந்தின் மேல்தட்டிலேயே திருநெல்வேலிக்குப் போய்விட்டது.

கல்லுக்கு அந்தப் பக்கம் உலகம் வெள்ளி, சனி, ஞாயிறு என்று தன்போக்கில் போய்க்கொண்டிருந்தது. வியாழனை முடிக்காதவர்களுக்கு அங்கே நுழைய இடமில்லை, அவ்வளவுதான். நாலைந்து நாளில் கண்டக்டர் சுடலைமணிக்கு இது பழகிவிட்டது. கல் கண்ணில் பட்டதும் விசில் ஊதி, "ஆவாரங்குளத்துக்காரங்க எல்லாரும் பையை மடியில வச்சுக்கிடுங்க. செருப்பக் கழட்டிப் போட்டவங்க மாட்டிக்கிடுங்க. அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது" என்பார்.

"பின்ன எதுக்குய்யா எங்கள ஏத்துற?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒருநாள் நீங்க போயிட்டா? ஏத்தாம விட்டது என் தப்பாயிருமே."

ஊர் மெல்ல மெல்ல வியாழனுக்குள் தன்னை அமர்த்திக்கொண்டது. பள்ளியில் வியாழக்கிழமைக் கால அட்டவணைப்படி முதல் இரண்டு பாடவேளையும் கணக்கு, விளையாட்டு கிடையாது. ஞாயிறே வராத அந்த மூன்று வாரங்களில் எங்கள் பிள்ளைகள் பின்னங்களில் மாவட்டத்திலேயே தேர்ந்தவர்களாகவும் முகத்தில் சிரிப்பற்றவர்களாகவும் ஆனார்கள். சிவன் கோயிலில் தட்சிணாமூர்த்திக்கு அன்றாடம் கொண்டைக்கடலை மாலை சாத்தி, அன்றாடம் சுண்டல் கொடுத்து, கடைசியில் சுண்டலை வாங்க ஆளில்லாமல் குருக்கள் வீதியில் எதிர்ப்படுகிறவர்களின் கையில் வைத்து அழுத்தினார். வியாழச் சந்தை தினமும் கூடியது. வெளியூர் வியாபாரிகள் தங்கள் வியாழனில் மட்டுமே வந்ததால் ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் ஆடு விற்றார்கள். ஒரு கறுப்புக் கிடா பதினாறு வீடுகளைச் சுற்றி, இனி எந்த வீட்டுக்குப் போவதென்று தெரியாமல் சந்தையிலேயே படுத்துவிட்டது. பெண்கள் தலைமுழுகும் வெள்ளி வராததால் ஊரே தலையைச் சொறிந்தது. ஐந்தாம் வியாழனில் கிழக்குத்தெருப் பெண்கள் கூடிப் பேசி, வெள்ளி வருகிறபோது வரட்டும், எண்ணெய் என்ன கிழமை பார்த்தா வழுக்குகிறது என்று முடிவுசெய்து குளத்தில் இறங்கினார்கள்.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது ராசிபலன். எங்கள் காலண்டரில் ஒவ்வொரு ராசிக்கும் ஒரே சொல் இருக்கும். அந்த வியாழனில் மேஷத்துக்குப் பொறுமை, ரிஷபத்துக்குக் களைப்பு, மிதுனத்துக்குப் பகை, கடகத்துக்கு விருந்து. அச்சான சொல்லுக்கு மரியாதை செய்கிற ஊர் இது. ஆகவே கடக ராசிக்காரர்கள் இலையை எதிர்பார்த்து அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றார்கள். மிதுன ராசியில் பிறந்த அண்ணன் தம்பி இருவர், சண்டை ஏதும் இல்லாமலே, பத்தாம் வியாழன் முதல் நடுவீட்டில் தட்டி வைத்து மறைத்துக்கொண்டார்கள். என் ராசி கும்பம். கும்பத்துக்கு மேன்மை. இருபத்திரண்டு காலைகளில் அந்தச் சொல்லை நான் தாளிலிருந்து கிழித்தேன்.

மாடியில் வேலை நடந்தது. இல்லத்தின் காப்பாளர் செண்பகவல்லியிடம் தொலைபேசியில் பேசினார். கிழமைகள் வேறானாலும் தொலைபேசிக்கு எல்லைக்கல் தெரியவில்லை. குறித்த வெள்ளியிலிருந்து மூன்று வாரம் குழந்தையை அவள் பெயரில் வைத்திருப்பதாகவும், மூன்றாம் வாரம் முடியும் வெள்ளி மாலை நான்கு மணிக்குள் வராவிட்டால் வரிசையில் அடுத்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

"உங்க ஊர் நிலைமை புரியுதும்மா. ஆனா குழந்தைக்கு இங்க நாள் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நேத்து 'தண்ணி'ன்னு சொல்லுச்சு."

செண்பகவல்லி போனை வைத்துவிட்டு என்னிடம், "தண்ணின்னு சொல்லிட்டாளாம் டீச்சர்" என்றாள். நான் அவள் நிரலுக்கு எழுதிய குறிப்புரையில் ஒரு காற்புள்ளியைத் திருத்திக்கொண்டிருந்தேன். "நல்லது. இந்த வரியைப் பார்" என்றேன்.

ஆறாம் வியாழனில் அவள் கேட்டாள்: "டீச்சர், அந்த இருநூத்திப் பத்தொம்பத எடுத்துட்டா என்ன? ஒரு எடுத்துக்காட்டு இல்லாட்டி யாரு சாகப் போறா?"

"இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கும் வரி அது. நிரலில் உள்ள கோளாற்றுக்கு நூலைக் குறைப்பதா?"

"கோளாறு நிரல்லதான்னு எப்படித் தெரியும்?"

"சுவரில் எழுதியிருக்கிறது."

அவள் திரைக்குத் திரும்பினாள். நிரலை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

ஒன்பதாம் வியாழனில் நான் படியிறங்கி வெட்டும் மிஷினைப் பார்க்கப் போனேன். அதை இயக்குபவர் கோயில்பிச்சை; ஐம்பதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். மிஷினின் பின்பக்கம், தாள் முட்டி நிற்கும் சட்டத்துக்கும் அளவுகோலுக்கும் இடையில் சிறிய நீல நிறத்தில் ஏதோ செருகியிருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தேன். தீப்பெட்டியின் பக்கத்து அட்டை.

"கோயில்பிச்சை, இது என்ன?"

"அட்டை டீச்சர்."

"அது தெரிகிறது. இங்கே எதற்கு?"

அவர் திருட்டில் பிடிபட்டவர்போல் கையைத் துண்டில் துடைத்தார். "மிஷின் கொஞ்சம் சோம்பேறி டீச்சர். ஒரு முடி பின்தங்கும். அட்டைய வச்சா ஒழுங்காப் போகும். அண்ணாச்சிகிட்ட சொல்லிராதீங்க, மிஷினக் கெடுத்துட்டேன்னு நெனப்பாரு."

"எவ்வளவு காலமாக?"

"நொச்சி வந்த நாள்லேருந்து. எனக்கு முன்னால இருந்த மேஸ்திரியும் வச்சிருந்தாரு. சாத்தூர்ல வச்சிருக்காங்க, கோவில்பட்டியில வச்சிருக்காங்க. எல்லா மிஷினும் சோம்பேறிதான்."

"எல்லா மிஷினும் ஒரே அளவுக்கு எப்படிச் சோம்பேறியாக இருக்கும்? யாரும் எங்களுக்கு எழுதவில்லையே?"

அவர் என்னை உண்மையான வியப்போடு பார்த்தார். "என்னன்னு எழுத? மீதி அடுத்த வெட்டுல சேரும்னு புக்குல போட்டிருக்கீங்க. கீழ உங்க பேரும் இருக்கு. சேரலைன்னா எங்க மிஷின்தான தப்பு?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வெளியே ஒரு ஞாயிறு போயிருச்சு, அடுத்ததும் வரப் போகுது. கோயிலுக்குப் போகல டீச்சர். இந்த அட்டை விஷயம் வேற மனசுல கிடக்கு. போதகர்கிட்ட சொல்லணும்னா ஞாயித்துக்கிழமை வரணும்."

நான் மாடியேறினேன். பதினெட்டுப் படிகள். ஏறி முடிப்பதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. கணக்கு நடத்தியவளுக்கு அதற்கு மேல் நேரம் தேவையில்லை. நொச்சி பிறந்த நாளிலிருந்தே மீதத்தை விட்டுவிட்டுத்தான் வெட்டியது. நூல் சேர்க்கும் என்றது. நூலை நம்பி, மூன்று மாவட்டங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் தத்தம் மிஷின்களைப் பழித்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று, இரகசியமாக ஓர் அட்டையைச் செருகிக் குறையை நிரப்பினார்கள். இப்போது நிரலைத் திருத்தினால் மீதமும் சேரும், அட்டையும் சேரும். அத்தனை காலண்டரும் கோணும். பிழை நிரலில் மட்டும் இல்லை. இருநூற்றுப் பத்தொன்பதாவது எடுத்துக்காட்டை நான் ஓட்டிப் பார்க்கவே இல்லை. முதல் பதிப்புக்காக இரண்டு நாள் கண்விழித்த களைப்பில், நூறை மூன்றால் வகுப்பதற்கு மிஷின் எதற்கு என்று மனத்தில் போட்ட கணக்கை எழுதி, கீழே பெயரையும் இட்டிருந்தேன்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்று சொல்லியிருக்கலாம். பத்தாம் வியாழனில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிரலையும் அட்டையையும் ஒருங்கே திருப்திப்படுத்தும் வழி ஏதாவது அகப்படும், அகப்பட்டதும் எவரும் அறியாமல் முடிந்துவிடும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். செண்பகவல்லியை வகுத்தல் பகுதியில் தேடு என்றேன், பிறகு நினைவகப் பகுதியில் தேடு என்றேன். குற்றம் இல்லாத இடங்களில் எல்லாம் அவளைத் தேட வைத்தேன். அவளும் தேடினாள். அந்தப் பதின்மூன்று வியாழன்களும் எனக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கும் அறை போல இருந்தன.

ஊர் பொறுமை இழக்கத் தொடங்கியிருந்தது. தங்கப்பழம் அண்ணாச்சி தினமும் படியேறி வந்து நிலையில் சாய்ந்து நிற்பார்.

"என்ன டீச்சர், இன்னைக்கும் வியாழந்தானா?"

"வேலை நடக்கிறது அண்ணாச்சி."

"கல்யாண வீட்டுக்காரர் வந்தாரு. வெள்ளிக்கிழமை முகூர்த்தம் வச்சது. பந்தல்ல கட்டுன வாழை குலை தள்ளப் போகுதாம். அறுத்து சாம்பார்ல போடவா, இல்ல பேரப்புள்ளைக்கு வைக்கவான்னு கேக்கிறாரு."

செண்பகவல்லி சிரித்தாள். அந்த நாட்களில் அவள் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

இருபத்திரண்டாம் வியாழன் பிற்பகலில் காப்பாளரிடமிருந்து அழைப்பு வந்தது. நாளை மாலை நான்கு மணி என்றார். வரிசையில் அடுத்திருப்பவர்கள் இன்றே திருநெல்வேலிக்கு வந்து தங்கிவிட்டார்கள் என்றும், நல்ல மனிதர்கள் என்றும் சொன்னார். அதை ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். செண்பகவல்லி "சரிங்கம்மா" என்றாள். அழவில்லை. திரையின் ஓரத்திலிருந்து அந்தப் படத்தை, மூலை கிழியாமல் நகத்தால் நெம்பி எடுத்தாள், மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்தாள், மூடினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து நிரலை வாசிக்கத் தொடங்கினாள்.

இழுப்பறை மூடிய சத்தம் பெரியதில்லை. ஆனால் நான் கையில் பிடித்திருந்த பேனாவை அதற்குப் பிறகு சும்மா வைத்திருக்க முடியவில்லை.

கையேட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். "இல்லை" என்பதை ஒரு கோடால் அடித்தேன். அதன் கீழே எழுதினேன்: "எடுத்துக்காட்டு 219 தவறானது. நொச்சி மீதத்தை அடுத்த வெட்டில் சேர்க்காது. முதல் பதிப்பிலிருந்தே சேர்த்ததில்லை. மிஷின்களில் குறை இல்லை. தொழிலாளர்கள் வைத்திருக்கும் அட்டைகளை எடுக்க வேண்டாம்." பிறகு செண்பகவல்லியின் அறைக்குப் போய், "திருத்தத்தை எடுத்துவிடு. நிரல் பழையபடி இருக்கட்டும். இந்த முறை நூல் திருந்துகிறது" என்று சொல்லி, தாளை அவள் முன் வைத்தேன்.

அவள் வாசித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததால் நான் சொல்லவும் இல்லை. விசைப்பலகையில் அவள் விரல்கள் ஓடின; திருத்தத்தை நீக்கி, ஒப்பிடும் நிரலில் இருநூற்றுப் பத்தொன்பதுக்குரிய விடையையும் மாற்றினாள். நானூற்றுப் பன்னிரண்டும் பொருந்தின. கீழே கோயில்பிச்சை வெட்டிய கட்டு நேராக வந்தது. மாலை ஐந்தரை மணிக்கு நொச்சி நான்காம் பதிப்பை இணையத்தில் ஏற்றினோம். அண்ணாச்சி கடைசிப் பக்கத்தைத் தாமே அச்சிட்டு, அட்டையோடு சேர்த்தார்.

மறுநாள் காலையில் ஆவாரங்குளத்தில் தாளைக் கிழித்தவர்கள் வெள்ளிக்கிழமையைக் கண்டார்கள்; மார்கழி இருபது. நடுவிலிருந்த இருபத்தொரு நாட்களும் வியாழனாகவே கழிந்துபோயிருந்தன. எவரும் அவற்றைத் திருப்பிக் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் மேளம் கேட்டது, அண்ணனும் தம்பியும் தட்டியைப் பிரித்தார்கள், கறுப்புக் கிடா எழுந்து தான் பிறந்த வீட்டுக்கே போயிற்று.

என் காலண்டரை நான் கிழிக்கவில்லை, நேரமில்லை. செண்பகவல்லியின் துணைக்காக ஒன்பது மணிப் பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கல் தெரிந்ததும் சுடலைமணி பழக்கத்தில் விசிலை வாய்க்குக் கொண்டுபோய், தயங்கி, "எதுக்கும் பையை மடியில வச்சுக்கிடுங்க" என்றார். பேருந்தில் இருந்த முப்பது பேரும் பையை அணைத்துக்கொண்டார்கள். செண்பகவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு நான் சாலையில் நின்றுகொண்டிருந்தேன்.

கையில் என் பை இருந்தது. பேருந்து கல்லைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. வேறு யாரும் இறங்கி நிற்கவில்லை. பின்கண்ணாடியில் செண்பகவல்லியின் முகம் தெரிந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்து ஏதோ சொன்னாள். போ, போ என்று நான் கையை வீசினேன். வளைவில் பேருந்து மறைந்தது.

வீட்டுக்குப் போய் என் காலண்டரைக் கிழித்தேன். கீழே கார்த்திகை இருபத்தேழு. கும்பம், மேன்மை. எதிர்வீட்டு வாசலில் வெள்ளிக்கிழமைக் கோலம் போட்டிருந்தார்கள்.

அச்சகத்துக்கு நடந்தேன். அண்ணாச்சி மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கடைசிப் பக்கத்தை மறுபடி அச்சடிக்க வேண்டும்."

"எதுக்கு டீச்சர்? வெள்ளிக்கிழமைதான் வந்துருச்சே."

"எனக்கு வரவில்லை."

அவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "நேத்துப் பிளேட்டு போடும்போதே பார்த்தேன்" என்றார். "பேரு போடுற வரி வெறுமையா இருந்துச்சு. டீச்சர் மறக்கிற ஆளில்லையே, நாம கேட்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்." பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

நின்றபடியே எழுதினேன். இருநூற்றுப் பத்தொன்பதாவது எடுத்துக்காட்டை ஓட்டிப் பார்க்காமலேயே ஓட்டிப் பார்த்ததாக ஒப்பமிட்டேன் என்று எழுதினேன். ஒன்பதாம் வியாழனில் உண்மையை அறிந்தும் இருபத்திரண்டாம் வியாழன் வரை சொல்லவில்லை என்று எழுதினேன். அந்தப் பதின்மூன்று நாளும் குற்றமில்லாத நிரலில் குற்றம் தேடியவர் செண்பகவல்லி என்று எழுதினேன். அடியில், வெறுமையாக விட்ட வரியில், சு. மங்கையர்க்கரசி என்று முழுப்பெயரையும் எழுதினேன். அண்ணாச்சி தாளை வாசித்து முடித்தார். பிளேட் போடப் போனார். பக்கத்தில் நின்ற கோயில்பிச்சையிடம், "நீங்கள் போதகரிடம் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை" என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுபடி வீட்டுக்குப் போய்த் தாளைக் கிழித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. மாலையில் எல்லைக்கல்லுக்கு நடந்தேன். வெயில் சாய்ந்திருந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம், சாலையோரத்துப் புளியமரத்தடியில் நின்றேன்.

ஐந்தரை மணிப் பேருந்து தெற்கிலிருந்து வந்து, கல்லுக்குப் பத்தடி முன்னால், அந்தப் பக்கமே நின்றுவிட்டது. சுடலைமணி படியில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார்: "டீச்சர், உள்ள இன்னைக்கு என்ன கிழமைன்னு எனக்கு நிச்சயமாத் தெரியல. கைப்புள்ளைய வச்சுக்கிட்டு நான் துணிய மாட்டேன். இறங்கி நடக்கட்டும்."

செண்பகவல்லி இறங்கினாள். அவள் தோளில் மொட்டைத்தலை ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் இரண்டு பைகள், கழுத்தில் தொங்கும் தண்ணீர்ப் புட்டி. பேருந்து அவளைச் சுற்றிக்கொண்டு புழுதியோடு ஊருக்குள் போயிற்று. அவள் நாலடி நடந்தாள். ஒரு பை நழுவி விழுந்தது. குழந்தையின் தலையைத் தாங்கியபடி குனிய முடியாமல் கல்லுக்கு அப்பால் நின்றுவிட்டாள்.

"மங்கையர்க்கரசி டீச்சர்" என்றாள். அவள் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல் முறை. "அண்ணாச்சி போன்ல வாசிச்சுக் காட்டினார்."

நான் புளியமரத்தடியிலிருந்து கல்லருகே வந்தேன்.

"கோபம் இருக்கு. நிறைய இருக்கு. வீட்டுக்குப் போய் வச்சுக்கலாம்." குழந்தை தூக்கத்தில் முனகியது. அவள் அதைத் தட்டிக்கொடுத்தாள். "இப்ப இந்தப் பையைப் பிடிங்க, இவ முழிச்சுக்கிடுவா."

பை கல்லுக்கு அந்தப் பக்கம் ஓரடித் தூரத்தில் கிடந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கல்லின் மேல் ஒரு கையை ஊன்றி, காலை எடுத்து அப்பால் வைத்தேன். மண் சுடவில்லை, நழுவவில்லை. குனிந்து பையை எடுத்தேன்.